எம்

சம்பள பாக்கிக்குப் பதிலாக
இரண்டு ஓவர்லாக் மிஷின்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள் ஃபெலிஸ்பெலா.
விசேலாவில் உள்ளாடைக் கம்பெனி மூடிய வாரம் அது.
பஞ்சர் ஒட்டும் மைத்துனன் கடையில் பாதி இடம்,
அவன் மீட்டரிலேயே கரண்ட்.

அவளுக்கு ஓர் உடம்பு வேண்டியிருந்தது.
விடியலில் வீடு வீடாக ரொட்டி போட்டுவிட்டு
மலைக்கு சைக்கிள் மிதிப்பவன் நான் என்பதால்
என்னுடையதைக் கேட்டாள்.
மார்பு தொண்ணூற்றிரண்டு. இடுப்பு எழுபத்தாறு.
தொடை ஐம்பத்து நான்கு.
குண்டூசிகளைக் கவ்விய வாயோடு
"வயிற்றை எக்காதே அடெரித்து,
ஏற்றத்தில் எவனும் எக்கிக்கொண்டு போவதில்லை" என்றாள்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு.

ஞாயிறுதோறும் இறங்கி வந்து
ஈரச் சட்டையை உரித்துக் கொடுப்பேன்.
உள்பக்கம் புரட்டி ஜன்னலில் காயப் போடுவாள்.
வேர்வை காய்ந்து உப்புப் பூத்த இடங்களைச் சுற்றி
நீலச் சாக்பீஸால் எல்லை போடுவாள்,
நிலத்தகராறுக்கு வந்த சர்வேயர் போல.
அக்குளில் வலை. முதுகில் மெல்லிய துணி.
தொடையிடுக்கில் எந்தப் பக்கம் புண் என்று
மீன் கடை வரிசையில் வைத்தே உரக்கக் கேட்பாள்.
இடது என்பேன். வரிசை சிரிக்கும்.

கம்பெனிக்கு 'சல்' என்று பெயர் வைத்தாள்.
எங்கள் பாஷையில் உப்பு.

முதல் ஆர்டர் ஊர்ச் சங்கத்துக்குப் பதினோரு சட்டை.
சென்யோரா த கிராசா ஏற்றத்தில் மழை பிடித்து
ஒன்பதில் தையல் வாய் பிளந்தது.
எல்லாவற்றையும் திருப்பி வாங்கி, காசையும் கொடுத்தாள்.
அன்றிரவு அவள் பிரித்த நூல்
சடை பிடித்துத் தரையில் கிடந்தது.
அந்த மாதம் என் ரொட்டிக் கணக்கில் பாக்கி வைத்தாள்.

பிறகு பெல்ஜியத்திலிருந்து முந்நூறு.
பிறகு பேங்க் மேனேஜர் எழுந்து
அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்ட நாள்.
நாற்பது மிஷின், மூன்று ஷிஃப்ட்,
மைத்துனனின் கடை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன.
விளம்பரக்காரர்கள் பெயரை மாற்றச் சொன்னார்களாம்.
தின்ற உப்பையா, என்று கேட்டாளாம்.
ஜெர்மனியில் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்த
என் அளவில் ஒரு பொம்மை போயிற்று.
தலை கிடையாது.
தலைக்கு யாரும் அளவெடுக்கவில்லை.

நானும் வளர்ந்தேன்.
அவர்கள் பக்கவாட்டில் ஷெட் போட்டார்கள்,
நான் முன்பக்கம்.

டென்மார்க்கிலிருந்து புகார், கொரியாவிலிருந்து புகார்:
எம் சைஸில் மட்டும் இடது தோள் இழுக்கிறது.
டிசைன் பிரிவில் மூன்று பேர்
கணினியில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார்கள்.
தையல் சரி. துணி சரி.
ரொட்டிக்காரனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்:
பத்தொன்பது வயதில் சாக்கடைக் கம்பியில் சக்கரம் மாட்டி
காறையெலும்பு உடைந்து, கோணலாகக் கூடி,
ஒரு விரற்கடை இறங்கிய தோள் அது.
ஃபெலிஸ்பெலாவுக்குத் தெரியும்.
மறந்துவிட்டாளா, திருத்த மனமில்லையா,
நான் போய்க் கேட்கவில்லை.

இருபதாம் ஆண்டு விழா. காண்டீனுக்கு எண்ணூறு ரொட்டி.
இறக்கிவிட்டு ஷோரூமுக்குள் போனேன்.
ஒத்தீலியா என்று மார்பில் பெயர் குத்திய பெண்
மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு
டபுள் எக்ஸ் எல்லை நீட்டினாள்.
சப்ளையர் என்பதால் இருபது சதவீதம் கழிவு.
அவள் பின்னால் கண்ணாடிக்குள்
தலையில்லாமல் நின்றிருந்தேன்.

நேற்று மலையில், இரண்டாவது வளைவு.
பின்னால் செயின் சத்தம். ஒதுங்கினேன்.
மீசை அரும்பாத பையன்.
பெடலில் எழுந்து நின்று
என் இருபத்து நான்கு வயது முதுகு
என்னைத் தாண்டி மேலேறிப் போயிற்று,
உப்பு அதே இடங்களில் பூத்து.
அடுத்த வளைவில் மறையும் முன்
ஹேண்டிலிலிருந்து ஒரு கையை எடுத்து
இடது தோளை
இழுத்துவிட்டுக்கொண்டான்.